வால் இல்லை, ஆணியும் இல்லை

பங்குனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வலங்கைமானில் இருந்தால், வாகனம் என்றால் என்ன என்பது பற்றி உங்களுக்கு இருக்கும் அபிப்பிராயம் கொஞ்சம் ஆட்டம் காணும். வரதராஜம்பேட்டைத் தெரு மகாமாரியம்மன் கோயிலில் அன்றைக்குப் பாடைக்காவடி. ‘இனிமே வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்க’ என்று டாக்டர் சொல்லி, அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, எப்படியோ பிழைத்துவிட்டவர்கள் பச்சை மூங்கில் பாடையில் பிணம் மாதிரி படுத்துக்கொள்வார்கள். உறவுக்காரர்கள் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். முன்னால் ஒருவர் தீச்சட்டியோடு போவார். தப்பு முழங்கும். சாவு வீட்டுக்கு உண்டான சகலமும் உண்டு. சுற்றி முடித்ததும் ‘பிணம்’ எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகும். ரிட்டர்ன் டிக்கெட் உள்ள பாடையை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

அப்படி ஒரு பங்குனியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். செல்போனில் இருந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோவைக் காட்டி, “இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்றேன்.

போட்டோவில் ஒரு கடற்கரை. அதில் ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரத்தில் இரண்டு மரச் சக்கரங்கள். நடுவில் இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய பீப்பாய். சக்கரத்தின் விளிம்பு நெடுக வரிசையாக என்னவோ குழாய்கள். எஞ்சின் கிடையாது, சீட் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது, இழுப்பதற்கு மாடும் கிடையாது.

சித்தப்பா போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இ.பி.காரன் கேபிள் சுத்திக் கொண்டாந்து ரோட்டோரமா போட்டுட்டுப் போயிடுவானே, அந்த உருளை.” இதற்கே பாதி மார்க் கொடுக்கலாம். அத்தைக்கு அது மெத்தை தைக்கிற நூல்கண்டு. டிராக்டர் ஓட்டும் பையன் ஒருத்தன், “சேத்துழவுக்கு மாட்டுற கேஜ் வீலுண்ணே. டிராக்டரத்தான் காணும்” என்றான். இன்ஜினீயரிங் படிக்கிற பேரன், உலகத்தின் முதல் வாஷிங் மெஷின் என்று நம்பிக்கையோடு அறிவித்தான். ஏழு வயசுப் பெண் ஒன்று, “ரெண்டு ராட்டினம் கல்யாணம் கட்டிக்கிச்சு” என்றது. எனக்குப் பிடித்த பதில் இதுதான்.

மூலையில் சாய்ந்திருந்த பெரிய தாத்தாவுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவர் பீப்பாயை மட்டும் பார்த்துவிட்டு, “கரி பஸ்ஸு டிரம்முடா அது” என்றார். திண்ணை சிரித்தது. சிரிக்கக் கூடாது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பேசாமல் இருந்தவர் ஒருத்தர்தான். வெடிக்காரர். வலங்கைமானுக்குப் பாடைக்காவடி ஒரு கீர்த்தி என்றால், வெடி இன்னொன்று. சிவகாசி மாதிரி மெஷினும் கலர் லேபிளும் இல்லாமல், கையாலேயே குழாய் சுற்றி, மருந்து அடைத்து, கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாணம் செய்து கொடுக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. இவருக்கு அறுபது வயசு இருக்கும். இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நிற்கிறது. போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உள்ள மருந்து இருக்கா?”

இருக்கிறது. சரியாகச் சொன்னால், இருந்திருக்க வேண்டும். 4,000 பவுண்டு, அதாவது சுமார் 1,800 கிலோ.

அந்தச் சாமானின் பெயர் ‘கிரேட் பஞ்சாண்ட்ரம்’. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் ‘பலதரப்பட்ட ஆயுத அபிவிருத்தி இலாகா’ 1943-ல் செய்து பார்த்தது. இந்த இலாகாவுக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு செல்லப் பெயர் உண்டு, ‘வீசர்ஸ் அண்ட் டாட்ஜர்ஸ்’. ‘குறுக்குவழி கோஷ்டி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு இது: பிரான்ஸ் கடற்கரையில் ஹிட்லர் கட்டி வைத்திருக்கும் கான்கிரீட் சுவர் 10 அடி உயரம், 7 அடி கனம். அதில் ஒரு டாங்கி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட வேண்டும். ஒரு டன்னுக்கு மேல் வெடிமருந்து வேண்டும் என்று கணக்கு வந்தது. ஒரு டன்னை யார் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரடியில் வைப்பது? எதிரே மெஷின் கன். ஆளே இல்லாமல், தானாக உருண்டு போய்ச் சுவரில் மோதி வெடிக்கிற ஒன்று இருந்தால்?

10 அடி விட்டத்தில் இரண்டு சக்கரம். ஒரு அடி அகலத்தில் இரும்புப் பட்டை. விளிம்பில் கார்டைட் ராக்கெட்டுகள். நம் நீலகிரி அருவங்காட்டில் ஒரு ஃபேக்டரியே இருக்கிறதே, அதே கார்டைட்தான். கப்பலிலிருந்து இறக்கிக் கொளுத்திவிட்டால், மணிக்கு 60 மைல் வேகத்தில் மணலைத் தாண்டிச் சுவரில் போய் முட்டும். காகிதத்தில் இது பிரமாதமாக இருந்தது.

பெயர் எங்கிருந்து வந்தது என்றால், 18-ம் நூற்றாண்டில் சாமுவேல் ஃபூட் என்ற நாடகக்காரர், எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே ஒப்பிப்பேன் என்று பீற்றிக்கொண்ட ஒரு நடிகரை மடக்க, அர்த்தமே இல்லாத ஒரு பத்தியைக் கட்டிவிட்டார். அதில் வருகிற பேர்வழி பஞ்சாண்ட்ரம். அந்தப் பத்தி பூட்ஸ் குதிகாலில் வெடிமருந்து கொட்டுவதோடு முடியும். பிற்பாடு அந்தச் சொல்லே அகராதியில் ஏறி, வெற்று ஜம்பம் அடிக்கிற பெரிய மனுஷனைக் குறிப்பதாகிவிட்டது. இதையெல்லாம் விளக்கமாகக் கேட்க இந்த ஊரிலேயே ஒருத்தர் இருந்தார். ‘வெள்ளி நாக்கு’ என்று வெள்ளைக்காரர்களே கொண்டாடிய வி.எஸ்.ஸ்ரீனிவாச சாஸ்திரி 1869-ல் பிறந்தது வலங்கைமானில்தான். இங்கிலீஷில் அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க லண்டனில் ஆள் கிடையாது.

இனி படத்துக்கு வருகிறேன். படம் என்று நான் சொல்வது, இந்தச் சோதனைகளைப் பிடித்த சில நிமிஷக் கறுப்பு வெள்ளைச் சுருள். டிவி டாக்குமென்டரிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. யூடியூபில் கோமாளித்தனமான மியூசிக் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் முதல் தடவை பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சார்லி சாப்ளினோ நம் நாகேஷோ ஆறு மாசம் ஒத்திகை பார்த்திருந்தாலும் இந்த டைமிங் வராது.

முதல் காட்சி: 1943 செப்டம்பர் 7. லண்டனுக்குக் கிழக்கே லேட்டன்ஸ்டோனில் பரம ரகசியமாகச் செய்து, ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி, டெவன் பிரதேசத்தில் வெஸ்ட்வர்ட் ஹோ என்ற கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். விடிந்து பார்த்தால் அது லீவுக்கு ஜனங்கள் குளிக்க வருகிற பீச். ஐஸ்கிரீமும் கையுமாகக் கூட்டம் கூடிவிட்டது. மெரினாவில் அணுகுண்டு சோதனை பண்ணுவது மாதிரி. நல்ல வேளையாகப் பீப்பாயில் மருந்துக்குப் பதில் அதே எடைக்கு மணலை ரொப்பியிருந்தார்கள். கொளுத்தினார்கள். புகை, நெருப்பு, ஹா என்று ஜனம். சக்கரம் உருண்டது. கொஞ்ச தூரத்திலேயே வலது சக்கரத்து ராக்கெட்டுகள் சில கழன்றுகொள்ள, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பிவிட்டது.

அடுத்தடுத்த காட்சிகளில் ராக்கெட் எண்ணிக்கை கூடுகிறது. 70-ஐத் தாண்டுகிறது. நடுவில் மூன்றாவதாக ஒரு சக்கரம் வந்து, பிறகு காணாமல் போகிறது. திசை மாற்ற இரண்டு பக்கமும் இரும்புக் கயிறு கட்டி, தூர நின்று இழுத்துப் பார்க்கிறார்கள். கயிறு அறுந்து விர்ரென்று மேலேயே திரும்பி வருகிறது.

கடைசிக் காட்சி 1944 ஜனவரி. கடற்படைப் பெரிய தலைகள், விஞ்ஞானிகள், ராணுவ ஜெனரல்கள் எல்லோரும் கரையில் கூழாங்கல் மேட்டில் வரிசையாக நிற்கிறார்கள். இதைப் படம் பிடிக்க வந்தவர் லூயிஸ் கிளமென்டாஸ்கி, மோட்டார் ரேஸ் போட்டோக்களுக்குப் பேர் போனவர். வேகமாக வருகிற சக்கரத்தைப் பார்த்து இவர் பயப்பட மாட்டார் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். பஞ்சாண்ட்ரம் கம்பீரமாகக் கிளம்புகிறது. ஒரு ராக்கெட் கழல்கிறது. அப்புறம் இரண்டு. வண்டி வளைந்து நேரே கேமராவைப் பார்த்து வருகிறது. டெலஸ்கோப் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தூரக் கணக்குப் பிசகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், யமன் எதிரே. ஓடினார். மேட்டில் நின்ற அட்மிரல்கள் பின்பக்கமாகப் பாய்ந்தார்கள். அங்கே முள்கம்பிச் சுருள். பஞ்சாண்ட்ரம் என்ன நினைத்ததோ, மறுபடி கடல் பக்கம் திரும்பி, மணலில் சரிந்து, துண்டு துண்டாக வெடித்துச் சிதறுகிறது. தெறித்த ராக்கெட்டுகள் மணலோடு மணலாகச் சீறிக்கொண்டு ஓட, அதில் ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது ஒரு நாய். அதிகாரி ஒருத்தருடைய ஏர்டேல் நாய், பெயர் அம்மனால். வெடிமருந்தின் பெயரை நாய்க்கு வைக்கிற ஆபீஸ்.

இதைத்தான் திண்ணையில் ஓட்டிக் காட்டினேன். எல்லோரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அந்தச் சின்னப் பெண் நாயை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னாள்.

வெடிக்காரர் சிரிக்கவில்லை. “வாணம்னா வால் வேணும் தம்பி. சக்கரம்னா ஆணி வேணும். இதுல ரெண்டும் இல்லயே” என்றார்.

இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் படிக்கவில்லை. ராக்கெட் வாணத்தில் நீளமாக ஒரு குச்சி இருக்கிறதே, அதுதான் வால். அது இல்லாவிட்டால் வாணம் மாமியார் வீட்டுக் கூரைக்கும் போகும், நம் வேட்டிக்குள்ளேயும் போகும். திப்பு சுல்தானின் ராக்கெட்டுகளில்கூட மூங்கிலோ வாளோ கட்டித்தான் அனுப்பினார்கள். 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் வெள்ளைக்காரர்கள் அவற்றை நேரில் அனுபவித்து, பிற்பாடு தாங்களும் அந்த மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். சக்கர வாணம் வேறு ஜாதி. கம்பத்தில் ஆணி அடித்து மாட்டினால் நின்ற இடத்திலேயே சுற்றும், பூ உதிர்க்கும். ஆணி பிடுங்கிக்கொண்டால் அதற்குத் தலைகால் கிடையாது. பஞ்சாண்ட்ரம் என்பது ஆணி பிடுங்கின இரண்டு சக்கர வாணம். அத்தோடு, ஒரு குழாய் எரிகிற மாதிரி இன்னொரு குழாய் எரியாது. ஒரே கை இடித்த மருந்து, ஒரே வெயிலில் காய்ந்தது, ஆனாலும் பத்தில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். “எழுவதும் ஒண்ணா எரியணும்னா சாமிதான் வந்து கொளுத்தணும்” என்றார்.

வீட்டுக்கு வந்து நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 அடிச் சக்கரம் 60 மைல் வேகத்தில் உருண்டால் விநாடிக்குக் கிட்டத்தட்ட மூன்று சுற்று. அந்தச் சுழற்சியில் விளிம்பில் கட்டியிருக்கும் ஒவ்வொரு சாமானையும் அதன் எடையைப் போல் 48 மடங்கு விசை வெளியே பிடித்து இழுக்கும். ஒரு கிலோ ராக்கெட்டு 48 கிலோ மாதிரி தொங்கும். கிளாம்ப் கழன்றதில் ஆச்சரியம் இல்லை. ஒன்று கழன்றால் இரண்டு பக்கத்துத் தள்ளும் சமமில்லை, வண்டி வளைகிறது. வளைந்தால் மற்ற கிளாம்புகளுக்கும் கோணல் இழுப்பு.

இதற்குள் சித்தப்பா திருவாரூர் தேருக்குப் போய்விட்டார். டெல்டாக்காரர்களிடம் சக்கரம் என்று பேச்செடுத்தால் கடைசியில் ஆழித்தேரில்தான் போய் நிற்கும். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை. அதற்கும் ஸ்டீயரிங் கிடையாது. வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு இழுக்கத் தெரியுமே தவிரத் திருப்பத் தெரியாது. திருப்புகிறவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, நசுங்கினால் கேட்பாரில்லாத இடத்தில், குனிந்தபடி கூடவே ஓடுகிற சில பேர். கையில் முட்டுக்கட்டை. இடது சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தால் தேர் இடது பக்கம் திரும்பும். வலதுக்குக் கொடுத்தால் வலது. நாலு வீதி முக்கிலும் இரும்புத் தகட்டில் கிரீஸைத் தடவி, கட்டையை மாற்றி மாற்றிப் போட்டு, அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்கள். திருச்சி பெல் கம்பெனி ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை. நாம் பேப்பரில் எழுதுகிறபோது முட்டுக்கட்டை என்பது கெட்ட வார்த்தை. ‘திட்டத்துக்கு முட்டுக்கட்டை’ என்கிறோம். தேர் தெரிந்தவர்களுக்கு அதுதான் ஸ்டீயரிங்.

சித்தப்பாவின் தீர்ப்பு: “முட்டுக்கட்டை போட ஆள் இல்லாத தேர இழுத்து விட்டிருக்கான் வெள்ளைக்காரன்.”

அன்றைக்கு இதைக் கேட்டு ரசித்தேன். பிறகு யோசித்தபோது, இது பாதிதான் சரி என்று தோன்றியது. அந்தக் கதையில் முக்கியமான ஆள் நெவில் ஷூட். நம் ஊர் லைப்ரரிகளில் ‘எ டவுன் லைக் ஆலிஸ்’ அட்டை கிழிந்து கிடக்குமே, அந்த நாவலாசிரியர். சுவருக்கு எத்தனை மருந்து என்று கணக்குப் போட்டவரும் அவர், பஞ்சாண்ட்ரம் என்று பெயர் வைத்தவரும் அவர். தொழிலில் ஏரோநாட்டிகல் இன்ஜினீயர். 1920-களின் கடைசியில் பிரிட்டனில் இரண்டு ராட்சத ஆகாயக் கப்பல்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டப்பட்டன. தனியார் கட்டிய ஆர்-100-ல் ஷூட் வேலை பார்த்தார். அது கனடாவுக்குப் போய் பத்திரமாகத் திரும்பியது. அரசாங்கம் கட்டியது ஆர்-101. விமான மந்திரி தாம்சன் பிரபு அதில் இந்தியாவுக்கு வந்துவிட்டு, அக்டோபர் 20-க்குள் லண்டன் மாநாட்டுக்குத் திரும்ப வேண்டும். தேதி குறித்தாகிவிட்டது. நடுவில் வெட்டி ஒட்டி நீளமாக்கிய கப்பலை முழு வேகத்தில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. சான்றிதழ் மட்டும் வந்துவிட்டது. கராச்சிக்கு என்று கிளம்பிய கப்பல், 1930 அக்டோபர் 5 விடியற்காலை, மழையிலும் காற்றிலும் பிரான்ஸில் போவே என்ற ஊர் அருகே தரையில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் போய்விட்டார்கள். மந்திரியும் சேர்த்து.

ஷூட் 1954-ல் எழுதிய ‘ஸ்லைட் ரூல்’ என்ற சுயசரிதையில் இந்தக் கதை வருகிறது. தெரிந்தவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லாத கதையாகவே அதைக் கோபத்தோடு எழுதுகிறார். நல்ல புத்தகம். ஆனால் எனக்கு ஒரு குறை. அது 1938-ல் நின்றுவிடுகிறது. பஞ்சாண்ட்ரம் அதில் இல்லை. அட்மிரல்கள் கம்பியில் மாட்டிக்கொண்ட நாளைப் பற்றி அவர் தம் வாயால் ஒரு அத்தியாயம் எழுதியிருந்தால், ஆர்-101 அதிகாரிகள் மேல் அவர் போட்ட குற்றச்சாட்டுக்கு இன்னும் கனம் வந்திருக்கும்.

அந்தக் குறையை வேறொருவர் ஓரளவு தீர்த்தார். அதே இலாகாவில் வேலை பார்த்த ஜெரால்ட் பாலே 1956-ல் ‘தி சீக்ரெட் வார்’ என்று ஒரு புத்தகம் போட்டார். முன்னுரை ஷூட். விறுவிறுப்பான புத்தகம்தான். ஆனால் தான் வேலை பார்த்த ஆபீஸைப் பற்றித் தானே எழுதுகிறவருக்கு ஒரு வாஞ்சை இருக்கும் இல்லையா? பள்ளிக்கூட நாள் குறும்புகளைச் சொல்வது மாதிரி ஒரு தொனி. பஞ்சாண்ட்ரம் மேல் பிற்பாடு படிந்த சிரிப்பில் இந்தத் தொனிக்கும் பங்கு உண்டு. 1972-ல் பி.பி.சி.யின் ‘டாட்ஸ் ஆர்மி’ காமெடித் தொடரில் ஒரு எபிசோடே இந்தச் சக்கரத்தை வைத்து எடுத்தார்கள். கிழட்டு ஹோம் கார்டு கோஷ்டியைச் சக்கரம் துரத்தும். நன்றாகவே சிரிக்கலாம். நிஜப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும். காரணம், அதில் யாருக்கும் நிஜமான பயம் இல்லை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறொரு ஊகம். ‘பஞ்சாண்ட்ரம் நிஜ ஆயுதமே இல்லை, ஜெர்மன்காரனை ஏமாற்றச் செய்த நாடகம். அதனால்தான் ஜனங்கள் பார்க்கிற பீச்சில் வைத்து ஓட்டினார்கள்’ என்று ஒரு கட்சி சொல்கிறது. கனத்த கான்கிரீட் உள்ள கலே பக்கம்தான் படை இறங்கப்போகிறது என்று ஹிட்லரை நம்பவைக்கவாம். கேட்க சாமர்த்தியமாக இருக்கிறது. தோற்றுப்போன எதையும் ‘வேணும்னுதான் தோத்தோம்’ என்று சொல்லிவிடலாம், நம் ஊர் தேர்தல் முடிவு அன்றைக்குக் கேட்பது மாதிரி. நாடகம் என்றால் ஒரு நாள் கொளுத்திவிட்டுப் போயிருக்கலாமே. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை மூன்றாவது சக்கரத்தை மாட்டிக் கழற்றி, கயிறு கட்டி அறுத்து, ராக்கெட் எண்ணிக்கையை மாற்றி மாற்றி எதற்கு மாரடிக்க வேண்டும்? சொந்த அட்மிரல்களை முள்கம்பியில் தள்ளுகிற நாடகம் எந்த ஊரில் உண்டு? திண்ணையில் சொன்ன ஊகங்களில் நூல்கண்டுகூட இதைவிட நேர்மையானது. அத்தை கண்ணால் பார்த்ததைச் சொன்னாள்.

இப்போது கரி பஸ். பெரிய தாத்தாவைப் பார்த்துச் சிரித்தோம் அல்லவா? டெவனில் பஞ்சாண்ட்ரம் உருண்ட அதே வருஷங்களில் நம் ஊர் ரோட்டிலும் ஒரு போர்க்காலச் சோதனை வாகனம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் ராணுவத்துக்குப் போய்விட்டது, மிச்சத்துக்கு ரேஷன். பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரி. விடியற்காலை கிளீனர் பையன் கரியை மூட்டி, விசிறிச் சக்கரத்தைக் கை வலிக்கச் சுற்றி, வாயு கிளம்பினதும் எஞ்சின் பிடிக்கும். மதுரையில் டி.வி.எஸ். கம்பெனி இதற்கென்றே கேஸ் பிளான்ட் செய்து விற்றது. ஆற்றுப் பாலத்து ஏற்றம் வந்தால் பஸ் மூச்சு வாங்கும், ஜனங்கள் இறங்கி நடப்பார்களாம். தாத்தாவுக்கு அப்போது பத்து வயசு இருக்கும், கும்பகோணம் போனதைச் சொன்னார். “தலையெல்லாம் கரித்தூளு. ஆனா போய்ச் சேந்துட்டம்ல?”

போய்ச் சேர்ந்த வண்டிக்கு யாரும் டாக்குமென்டரி எடுப்பதில்லை. என் பேரன் தலைமுறைக்கு பஞ்சாண்ட்ரம் தெரிகிறது, கரி பஸ் தெரியவில்லை. அதற்கு யூடியூபைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பின்னால் டிரம் கட்டின ஒரு பஸ்ஸை நாம் எங்கேயாவது மியூசியத்தில் நிறுத்தி வைத்தோமா?

சித்தப்பாவின் தீர்ப்பு பாதிதான் சரி என்றேன். ஆர்-101-க்குத்தான் முட்டுக்கட்டை போட ஆள் இல்லை. பஞ்சாண்ட்ரத்துக்கு இருந்தது, பீப்பாய்க்குள் ரொப்பின மணல். அந்த மணல்தான் முட்டுக்கட்டை. அஞ்சு மாசம் ஓட்டிப் பார்த்தார்கள், நேராகப் போகவில்லை, ஜனவரியோடு மூட்டை கட்டினார்கள். ஒருத்தர் சாகவில்லை. அதே இலாகா செய்த ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற நீர்மூழ்கி எதிர்ப்பு ஆயுதம் அட்லான்டிக்கில் நன்றாகவே வேலை செய்தது. பத்து செய்து பார்த்தால் ஒன்பது கேலிக்கூத்தாகிற தொழில் அது.

1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் நிஜமாகவே இறங்கியபோது வேறு விசித்திர வண்டிகள் போயின. சங்கிலியால் மண்ணை அடித்துக் கண்ணிவெடி வெடிக்க வைக்கிற டாங்கி, கான்கிரீட்டை உடைக்க 40 பவுண்டு குண்டை வீசுகிற டாங்கி, கித்தான் பாவாடை கட்டிக்கொண்டு கடலில் நீந்துகிற டாங்கி. இந்த நீந்துகிற டாங்கியைப் பாருங்கள். போட்டோவில் காட்டினால் திண்ணை இதற்கும் சிரிக்கும். ஒமாஹா கரைக்கு எதிரே அமெரிக்காவின் 741-வது டாங்கிப் படை அன்றைக்கு 29 டாங்கிகளைக் கடலில் இறக்கியது. சோதனை பார்த்ததைவிட அலை பெரிசு. 27 மூழ்கின, உள்ளே ஆட்கள் இருக்க. அதற்கு யாரும் கோமாளி மியூசிக் போடவில்லை.

ஷூட் பிறகு 1957-ல் ‘ஆன் தி பீச்’ எழுதினார். அணு யுத்தத்துக்குப் பிறகு மிச்சமிருக்கிற கடைசி மனிதர்கள் மெல்போர்ன் பக்கம் சாவுக்குக் காத்திருக்கிற கதை. பீச் என்று தலைப்பு வைத்தபோது வெஸ்ட்வர்ட் ஹோ அவர் மனசில் வந்ததா என்று எனக்கு ஒரு சபலம். இதுவும் ஊகம்தான், நூல்கண்டு வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது வெடிக்காரர் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். 2009-ல் அதே பீச்சில், நார்மண்டி படையிறக்கத்தின் 65-வது வருஷ ஞாபகமாக, அந்த ஊர் வாணவேடிக்கைக் கம்பெனி ஒன்று பஞ்சாண்ட்ரம் மாதிரியே ஒன்று செய்து ஓட்டியது என்றேன்.

“எவ்வளவு தூரம் போச்சு?”

“அம்பது மீட்டர். நேராத்தான் போச்சாம்.”

“நேரா போச்சா?” நின்றுவிட்டார். முகத்தில் தொழில் பொறாமை மாதிரி ஒன்று தெரிந்தது. “எத்தன குழா கட்டுனான்?”

தெரியவில்லை என்றேன். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து, அந்தப் பாதி விரலால் கம்பியைத் தட்டினார்.

“தம்பி, அந்தப் படத்துல கொளுத்துற ஆளு எங்க நிக்கிறான்னு காட்டவே இல்லயே. கொளுத்திட்டு எந்தப் பக்கமா ஓடுனான்?”